ஒரு பிராசசர், இரண்டு நாற்காலி

ஜூன் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடை வாசலில் விரித்த சாக்கு ஊறி, தண்ணீர் நாற்காலிக் கால் வரை. துடைத்துப் பிழிந்து முடிப்பதற்குள் ஒன்பதரை.

இடது பக்கத்துக் கம்ப்யூட்டர் இன்று ஆன் ஆகவில்லை. மூன்று தடவை அழுத்தினேன். நாலாவது தடவை லேசான கருகல் வாசனை. கையை எடுத்துவிட்டேன். நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிடுவார்களோ. கூட வேலை செய்யும் ஷைலா சேச்சி மோந்து பார்த்துவிட்டு, "எடீ, இது செத்து போயி. அடக்கம் பண்ணிக்கோ" என்றாள். அவளுக்கு எல்லாம் சிரிப்பு.

மத்தியானம் ஹம்சா இக்கா வந்தார். டைப்பிங், ஜெராக்ஸ், கார்டு அடிப்பது எல்லாம் சேர்ந்த இந்தக் கடை அவருடையது. சேச்சி சாப்பிடப் போயிருந்தாள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன். திட்டவில்லை. அதைவிட மோசம்.

"மோளே, ரெண்டும் பழசாயி. ஒண்ணு செத்து, மத்தது சாகப் போகுது. எனக்கு ரெண்டு வழியுண்டு. நல்ல கூடுன பிராசசர் போட்டு ஒரெண்ணம். இல்லேங்கில், வில கொறஞ்ச பிராசசர் போட்டு ரெண்டெண்ணம். எது மதி? நீயல்லே அதில இரிக்கறது. நீ பற."

நான் ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் துடைத்தேன்.

"ஒரெண்ணம் ஆனா ஒராள் மதி. அது எனக்கும் தெரியும். அதனால ஷைலாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லண்டா. வெள்ளியாழ்ச்சைக்குள்ள சொன்னா மதி."

மதி, மதி என்கிறார், போதும் என்று அர்த்தம். எது போதும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். டைப் அடிக்கத் தெரியும். பிராசசர் என்பது எது என்றே தெரியாது.

இரண்டு கம்ப்யூட்டர் என்றால் இரண்டு நாற்காலி. ஒன்று என்றால் ஒன்று.

கடையில் யாருக்கும் தமிழ் படிக்க வராது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இருந்தும் முழுப் பெயர் எழுதப் பயம். இனி ஷை. என்று மட்டும்.

ஜூன் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். இஞ்சிக் கிடங்கிலிருந்து காரமாக ஒரு காற்று, எல்லாருக்கும் தும்மல்.

சர்வீஸ் பார்க்கும் தாமஸ் சேட்டன் வந்து செத்த மெஷினைத் திறந்தார். வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது. அதனால் காலையிலேயே மலையாளத்தில் எழுதி மடித்து வைத்திருந்தேன். பிராசசர் எது? விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் என்ன வித்தியாசம்? எங்கள் வேலைக்கு எது போதும்? ஷை. பேப்பர் அடுக்கத் திரும்பியபோது அவர் டூல் பெட்டிமேல் வைத்தேன்.

"ஐயோ, லவ் லெட்டரோ! எனக்கு ரெண்டு பிள்ளைங்க உண்டு மோளே!" என்று கத்தினார். ஷை. விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காது வரை சூடு. நல்லவேளை, உரக்கப் படிக்கவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்லித் தந்தார். சின்ன ஃபேனைக் கழற்றி அடியில் காட்டினார். கிரீம் பிஸ்கட் அளவு. அதுதான் பிராசசர். நாங்கள் பெட்டி முழுவதையும் சிபியு என்போம். அது தப்பாம். பிஸ்கட்தான் சிபியு, பெட்டி வெறும் பெட்டி.

குறித்துக்கொண்டவை:

– பென்டியம் நாலு: விலை கூடியது.
– செலரான்: விலை குறைந்தது. கேஷ் கொஞ்சம் கம்மி என்றார். பணம் என்று நினைத்தேன். இல்லை. பிராசசர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிற குட்டி அலமாரி மாதிரி ஏதோ.
– டைப்பிங்குக்கு செலரான் தாராளம்.
– போட்டோ வைத்த கல்யாண கார்டு அதிகம் வருமென்றால் யோசிக்கணும்.
– பெட்டி முன்னால் இருக்கிற சிவப்பு லைட் அணையாமல் மின்னினால் பிராசசர் மேல் குற்றமில்லை. மெமரி போதவில்லை.
– பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நன்றாகவே இருக்கின்றன. வாங்க வேண்டாம். பெட்டி மட்டும் போதும். அப்படியென்றால் ஒன்றின் விலைக்கு இரண்டு.

கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

போகும்போது, "தினம் என்ன வேல வருதுன்னு எண்ணி நோக்கு. அதுக்குத் தக்க வாங்கணும், கேட்டோ" என்றார்.

ஜூன் 12, புதன்

இடைவிட்டு மழை. ஒரு மெஷின்தான், அதனால் ஷை.யும் நானும் மாறி மாறி.

இன்று வந்தவை: குருமிளகு, ஏலம் சாக்கு லேபிள் 2. ரேஷன் கார்டு விண்ணப்பம் 4. பயோடேட்டா 3 (ஒருவர் பிறந்த தேதியை மூன்று தடவை மாற்றினார்). வாடகைப் பத்திரம் 1. கல்யாண கார்டு, போட்டோவுடன் 1.

சுவர்க் கடிகாரம் வைத்து நேரம் பார்த்தேன். மலையாளப் பக்கம் ஒன்று திறக்க ஒரு நிமிஷம் பத்து செகண்ட். அவ்வளவு நேரமும் சிவப்பு லைட் மின்னியபடி. தாமஸ் சேட்டன் சொன்னது சரி. மெமரிதான். விலை குறைந்த பிராசசர், மெமரி கூட்டி. இதுதான் சரி என்று தோன்றுகிறது.

ஆனால் சரி என்பதால் தோன்றுகிறதா, இரண்டு நாற்காலி வேண்டும் என்பதால் தோன்றுகிறதா? தெரியவில்லை. இதுதான் பயம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மெஷின் மெதுவாக இருப்பது எனக்குப் பிடிக்கும். அது யோசிக்கிற நேரத்தில் நான் திரையையே பார்த்திருக்கலாம். வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். எங்களுக்குள் ஒரு வழக்கம். ஷை. பேசி விவரம் வாங்குவாள், நான் அடிப்பேன். அவளுக்கு விரல் மெதுவு, எனக்கு வாய் மெதுவு. இக்கா ஒருத்தியை மட்டும் வைத்தால், அது நானென்றால், பேசவும் வேண்டும். அவளென்றால், அடிக்கவும் வேண்டும்.

நான் இல்லையென்றால், கும்பளங்கிச் சித்தி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற இறால் உரிக்கும் ஷெட். ஐம்பது பெண்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் என்னிடம் பெயர் கேட்டார்கள். வாசலிலேயே வாந்தி வந்தது.

ஜூன் 13, வியாழன்

ஷை.க்குத் தெரிந்துவிட்டது.

வந்ததும் குடையை மூலையில் எறிந்தாள். "தாமஸ் சாயக்கடையில பறஞ்சான். இக்கா அவன்கிட்ட எல்லாம் சொன்னாராம். ஒரெண்ணம் வாங்கினா ஒராள் மதின்னு. நீ திங்களாழ்ச்சையே அறிஞ்சு. இல்லே?"

கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை பறஞ்சூடாயிருந்தோ? மிண்டாப்பூச்ச! பாண்டிக்குட்டி, எல்லாம் உள்ளில வச்சிட்டு நடக்கறா."

பேசாத பூனையாம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு வருஷமாகக் கூடவே இருக்கிறாள், இங்கே தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிடுகிற அந்தப் பாண்டியை இதுவரை சொன்னதில்லை. இக்கா சொல்லக்கூடாது என்றார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அங்கேயே நின்றது.

அவள் வீட்டுக்காரர் மீன்பிடி போட்டில் வேலை. மழைக்கால டிராலிங் தடை வந்தால் ஒன்றரை மாதம் போட் கரையில். மகள் இந்த மாதம்தான் ஒன்றாம் வகுப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

அதற்கப்புறம் அவள் வந்தவர்களிடம் பேசவில்லை. பேப்பரை அடுக்கினாள், அடுக்கியதையே திரும்ப அடுக்கினாள். மசாலாக் கடைக்காரர் லேபிளுக்கு வந்தார். ஏலத்தரி, அதாவது தோல் நீக்கிய விதை, என்று சொன்னது எனக்கு ஏலக்காய் என்று கேட்டது. திரும்பக் கேட்கப் பயம். அடித்து, ஜெராக்ஸும் போட்டாயிற்று. இருநூறு லேபிள்.

"இது என்த? தரி எவிட, காய் எவிட? கண்ணுல என்ன வச்சிருக்க?" சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஷை. எழுந்து வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. "சேட்டா, மழையில தலை நனஞ்சு நிக்கறீங்களே. போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க, புது லேபிள் ரெடி. காய்னு போட்டா உங்க தரிக்கு வில கூடுமல்லோ!" அவர் சிரித்துவிட்டார். சாயாவுக்குப் போனார்.

அவள் திரும்பிப் போய் மறுபடி பேப்பரை அடுக்கினாள்.

வீட்டில் இக்காவுக்குத் தர வேண்டிய பட்டியலைச் சுத்தமாக எழுதினேன். லேபிள், விண்ணப்பம், பயோடேட்டா, பத்திரம். போன வாரக் கணக்கையும் பார்த்தேன். போட்டோ கார்டு மூன்று. அந்த வரியை எழுதவில்லை. மறக்கவில்லை. எழுதவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இருட்டிக்கொண்டு மழை. ஜும்மாவுக்கு இக்கா கிளம்பும்போது பட்டியலைக் கொடுத்தேன். இரண்டு பெட்டி, செலரான், 128 மெமரி, பழைய மானிட்டர். படித்துவிட்டு, "நோக்கட்டே" என்று பாக்கெட்டில் வைத்தார். போட்டோ பற்றிக் கேட்கவில்லை. கேட்பார், கேட்பார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

ஏழு மணிக்குக் கீழ்வீட்டில் எங்களுக்குப் போன். நான் குளித்துக்கொண்டிருந்தேன், அம்மா போனாள். படியேறி வரும்போதே முகம் சரியில்லை. கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவள், யாருக்கும் பயப்படமாட்டாள். அந்த முகம் அப்படி.

"ஏட்டி, ஒங்க மொதலாளிதான் பேசுனாரு."

"என்ன சொன்னாரு?"

"'நான் ஆலோசிச்சிட்டேன், ஒராள் போறா, இசக்கிகிட்ட சொல்லிருங்க'ன்னாரு. எந்த ஆளு போறான்னு கேக்குறதுக்குள்ள இடி விழுந்து லைன் செத்துட்டு."

ஒரு ஆள் போகிறாள்.

"யாரு போறதுன்னு சொல்லவே இல்லியாம்மா?"

"ஒன்கிட்ட சொல்லச் சொன்னா நீதானட்டி. இல்லன்னா எதுக்கு வீட்டுக்கு போன் போடணும்?"

அப்படித்தான் இருக்கும். லேபிள் விஷயம் காதுக்குப் போயிருக்கும். இல்லை, போட்டோ வரியைக் கண்டுபிடித்திருப்பார். எனக்கு எது என்று தெரியவில்லை, ஏதோ ஒன்று.

ஜூன் 15, சனி

கடைக்குப் போகவில்லை. போய் அங்கே நின்று, எல்லார் முன்னாலும் அவர் சொல்ல, நான் கேட்டு. முடியாது. அம்மா ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். கதவைத் தாழ் போட்டுப் படுத்திருந்தேன். போகிறவள் நான் இல்லாமல் ஷை. என்றால்? அதுவும் நான் எழுதிய பட்டியலால்தானே. எந்தப் பக்கம் புரண்டாலும் அதே.

மூன்று மணிக்குக் கதவில் தட்டல். ஷை. முழங்கால் வரை சேறு. அம்மாவும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

"எடீ, நீ எங்க போயி? இக்கா போட் ஜெட்டியில ஒரு மணிக்கூர் நின்னு! எறணாகுளம் போயி கம்ப்யூட்டர் வாங்க உன்னையும் கூட்டிட்டுப் போகணும்னு நேத்து போன் விளிச்சு சொன்னாரல்லோ."

அம்மா குறுக்கே வந்தாள். "ஏம்மா, ஒராள் போறான்னு சொல்லிப்புட்டு அப்புறம் கூட்டிட்டுப் போவாராக்கும்?"

ஷை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒராள் போரா. ஆமா. அதைத்தான் என்கிட்டயும் சொன்னாரு. ஷைலா, ஒராள் போரா, நிங்கள் ரெண்டாளும் வேணம்னு."

எனக்கு அப்போதுதான் கேட்டது.

"அம்மா, அது மலையாளப் போராம்மா. போதாதுன்னு அர்த்தம். ஒரு ஆள் போதாதுன்னு சொல்லியிருக்காரு. ஜெட்டிக்கு வரச் சொன்னது லைன் செத்தப்புறம்."

"நம்மகிட்ட அவரு எப்பவும் தமிழ்லதானட்டி பேசுவாரு! தமிழ்ல பேசுற மனுசன் நடுவுல ஒரு வார்த்தைய மட்டும் மலையாளத்துல போட்டா எனக்கு எப்படித் தெரியும்?" அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா மேல் தப்பில்லை. எனக்கு இரண்டு மொழியும் தெரியும். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். பயந்திருந்தேன், அதனால் பயத்துக்கு ஏற்றபடி கேட்டது.

ஷை. இன்னும் முடிக்கவில்லை. இக்கா காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாக எறணாகுளம் போயிருக்கிறார். என் பட்டியல் அவர் நேற்றுப் போட்டிருந்த சட்டையில். கடைக்காரன் பேசிப் பேசி, பென்டியம் நாலு, ஒரெண்ணம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கடைக்குத் திரும்பி வந்து ஷை. முகத்தைப் பார்க்காமல் சொன்னாராம்.

இரண்டு பேரும் இருக்கட்டும் என்று நினைத்தவர். நான் ஒளிந்துகொண்டதால் ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

"பாண்டின்னு சொன்னேனல்லோ. அதுக்கு நீ இப்படிச் செஞ்சியான்னு நினச்சேன்" என்றாள் ஷை. படியிறங்கும்போது. இல்லை என்று தலையாட்டினேன். அவள் பார்க்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா வேலை செய்கிற ஏலூரிலிருந்து வந்தார், வாரம் ஒரு நாள். கேட்டுவிட்டு, "அட்வான்ஸ்தானே, பெட்டி இன்னும் வரலைல்ல? போய் மாத்திக் கேளுங்க" என்றார். சொல்வது எளிது. யார் கேட்பது?

அம்மா, "நான் கேட்ட தப்பு, நானே வந்து சொல்லுதேன்" என்றாள். வேண்டாம் என்றேன். பட்டியலை இன்னொரு தடவை எழுதினேன். இந்தத் தடவையும் அந்த வரி இல்லை. பேனா அங்கே வந்ததும் நின்றுவிட்டது.

ஜூன் 17, திங்கள்

மழை விட்டு வெயில். காலையில் கடைவாசலில் இக்கா. போன் விஷயத்தை ஷை.தான் சொன்னாள், அம்மா மாதிரியே நடித்துக் காட்டி. இக்கா முதலில் சிரித்தார். பிறகு வெகுநேரம் தாடியைச் சொறிந்தார்.

"மாத்தித் தருவானோ?"

"இவ கேப்பா" என்றாள் ஷை. என் முதுகில் விரல் வைத்துத் தள்ளி.

கடைக்குப் பூட்டு. மூன்று பேரும் படகில். நான் கம்பியைப் பிடித்தபடி, சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில். எறணாகுளம் ஜெட்டி வருவதற்குள் பாதி மறந்துபோனது.

பெரிய கடை, ஏசி. டை கட்டியவர் என்னை மேடம் என்றார். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை.

"இப்ப எல்லாரும் பென்டியம் ஃபோர்தான் வாங்கறாங்க மேடம். செலரான் எதுக்கு?"

பேப்பரை நீட்டினேன். படித்தார். "டைப்பிங் மாத்ரம்னா செலரான் மதி. சார் சனியாழ்ச்ச இதைச் சொல்லவேயில்லை." இக்கா முகம் தெளிந்தது. அப்போது டை கட்டியவர், "போட்டோ வேல ஒண்ணும் இல்லையல்லோ?" என்றார்.

இக்கா யோசிக்கத் தொடங்கினார். ஷை. என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் தலையாட்டினால் போதும், முடிந்துவிடும். கழுத்து அசையவில்லை.

"உண்டு" என்றேன். சத்தம் வரவில்லை. திரும்பச் சொன்னேன். "வாரம் மூணு. நான் எழுதலை."

"என்தே எழுதாஞ்ஞது?" என்றார் இக்கா.

"எழுதினா ஒண்ணுதான் வாங்குவீங்கன்னு."

இக்கா கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. இதோ பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த வேலயை இதில செஞ்சு காட்டு" என்றார் டை கட்டியவரிடம், செலரான் போட்ட மெஷினைக் காட்டி.

பெரிய போட்டோ ஒன்றைத் திறந்தார். மாப்பிள்ளை, பெண். பின்னால் இருந்த சுவரை எடுத்து, நிறம் மாற்றி, பெரிதாக்க மெஷினுக்குக் கட்டளை கொடுத்தார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற நீலக் கோடு நகர ஆரம்பித்தது. மெதுவாக. இக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன். பாதியில் நின்றது. பிறகு நகர்ந்தது.

"ஒண்ணே முக்கால் நிமிஷம்" என்றார் இக்கா. அதே வேலை பென்டியம் நாலில் முக்கால் நிமிஷம்கூட இல்லை. ஒரு நிமிஷ வித்தியாசம். அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஒரு நாற்காலி போகப்போகிறது.

"ஷைலா எங்க?"

அவள் அந்தப் பக்க பெஞ்சில், யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில். கோடு நகர்கிற நேரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். பிரின்டர் ரிப்பேருக்கு வந்த மனிதர். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வீடு எங்கள் பக்கத்துத் தோப்பும்படியில். கார்டு இன்னும் அடிக்கவில்லை. "இக்கா, இந்தச் சேட்டனுக்கு முன்னூறு கார்டு, போட்டோ வச்சு. நாளை மறுநாள் கடைக்கு வருவாரு" என்றாள் அங்கிருந்தே.

இக்கா அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். என்னையும்.

"ஒண்ணே முக்கால் நிமிஷத்தில அவ ஒரு கல்யாணம் பிடிச்சு. மெஷின் மெல்லப் போகட்டும், குழப்பமில்லை. ஆனா மெல்லப் போற மெஷினுக்கு அடிக்க ஒராள், பேச ஒராள் வேணும்." டை கட்டியவரிடம் திரும்பினார். "செலரான். ரெண்டெண்ணம்."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. நாற்காலி பக்கத்தில்தான், கேட்கத் தோன்றவில்லை.

பிறகு என் பக்கம் குனிந்து, "மோளே, இனி ஒரு வரி விட்டா நான் அறியும்" என்றார். சிரித்துக்கொண்டா, இல்லையா, தெரியவில்லை.

பில்லில் இரண்டு பெட்டிக்கும் பொறுப்பாக ஒவ்வொரு பெயர் போடச் சொன்னார் இக்கா. ஷைலா. அடுத்து என்னிடம் கேட்டார்கள். இசக்கியம்மாள் என்றேன். டை கட்டியவர் எழுதி நீட்டினார். ஐசக்.

ஷை. பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பில்லைத் திருப்பி வைத்தேன். "தப்பு" என்றேன். அவர் பேனாவை எடுக்கும்வரை நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

பெட்டி நாளை வரும். நாளை மறுநாள் அந்தப் பெரியவர். முதல் வேலையே போட்டோ.